இனிப்பு நீரும் இருதயமும்

(தோட்டத்து ஆஸ்பத்திரிகளில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் டிரஸ்ஸராகப் பணியாற்றி ஓய்வு பெற்ற அன்பர் ஒருவர், கிளைச் சங்கத்தின் குடும்ப தினக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு.)



சங்கக் கூட்டம் என்றால் சம்பளம், போனஸ், வீடு ஆகியவற்றைப் பற்றித்தான் பேச்சு நடக்கும் என்று எண்ணி வந்திருப்பீர்கள். "டிரஸ்ஸர் எதற்கு மேடையேறுகிறார், ஊசி போடவா?" என்று பின்வரிசையிலே ஒருவர் கேட்டது என் காதிலும் விழுந்தது. ஆமாம், ஊசி குத்தத்தான் வந்திருக்கிறேன். ஆனால் அது கூட்டம் முடிந்த பிறகு. (சிரிப்பு)

முதலில் ஒரு கேள்வி. தாய், தகப்பன், அண்ணன், தம்பி, சித்தப்பா, அத்தை என்று நெருங்கிய உறவில் ஒருவருக்குக்கூட இனிப்பு நீர் வியாதி இல்லாத குடும்பத்தார் கையைத் தூக்குங்கள் பார்ப்போம். நாலு கை. அதிலே ஒரு கை குழந்தையின் கை. இந்த மண்டபத்திலே இருநூறு பேர் இருக்கிறோம்.

இது நம் கிளைக்கு மட்டும் வந்த கேடு என்று நினைக்க வேண்டாம். 2019-ம் ஆண்டில் நாடு முழுவதும் எடுத்த தேசிய சுகாதாரக் கணக்கெடுப்பிலே, பதினெட்டு வயதுக்கு மேற்பட்ட மலேசியரில் நூற்றுக்கு 18 பேருக்கு இந்த வியாதி இருப்பதாகத் தெரிய வந்தது. இந்தியரைத் தனியே பிரித்துப் பார்த்தால் நூற்றுக்கு 31 பேர். மூன்று பேர் ஒரு பெஞ்சியில் உட்கார்ந்தால் ஒருவருக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். இதைவிட வருத்தமான சேதி ஒன்று உண்டு. நோய் கண்டவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குத் தங்களுக்கு அது இருப்பதே அன்றுவரை தெரியாது.

என் சொந்த அண்ணனைப் பற்றிச் சொல்லிவிட்டு மேலே போகிறேன். அவர் இருபத்தைந்து ஆண்டு பால்மரம் வெட்டியவர். விடியுமுன் பெரட்டுக்குப் போய், ஐந்நூறு அறுநூறு மரத்தைச் சுற்றி வந்து, பிறகு வாளியைத் தூக்கிக்கொண்டு பால் எடுத்து, ஸ்டோரில் கொண்டுபோய் ஊற்றி, வீடு திரும்பினால் மலை மாதிரி சோறு போட்டுக்கொண்டு சாப்பிடுவார். அண்ணி போடும் சோற்றின் அளவைப் பார்த்து நாங்கள் கேலி செய்வோம். அவர் உடம்பிலே ஓர் அவுன்ஸ் கொழுப்புக் கிடையாது. பிறகு தோட்டம் கை மாறியது. மரத்தைத் தள்ளினார்கள், வீடுகள் கட்டினார்கள். அண்ணன் பட்டணத்துக்குப் போய் அடுக்குமாடி வீட்டில் குடியேறினார். இரவுக் காவலர் வேலை, பன்னிரண்டு மணி நேரம் நாற்காலியில் உட்கார்ந்திருக்க வேண்டும். தூக்கம் வராமலிருக்க மூன்று கிளாஸ் தே தாரே. வேலை மாறிவிட்டது, தோழர்களே. சோற்றின் அளவு மாறவில்லை.

ஐந்தாறு ஆண்டில் இனிப்பு நீர் கண்டது. ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டார். உடம்பு தேறியது போலிருந்ததும் நிறுத்திவிட்டார். யாரோ ஒருவர் வீட்டுக்கு வந்து, வேர்ச்சாறு என்று ஒரு போத்தலை எண்பது வெள்ளிக்கு விற்றுவிட்டுப் போனார். ஒரு நாள் காலிலே ஆணி குத்தியது, வலிக்கவே இல்லை. வலிக்காத புண்ணை யார் கவனிப்பார்கள்? பத்து நாள் கழித்து நாற்றம் கண்டு அண்ணி என்னைக் கூப்பிட்டார். முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். இரண்டு ஆண்டு கழித்து மாரடைப்பில் போய்விட்டார். ஊரெல்லாம் மருந்து கட்டிய நான், என் அண்ணன் காலை ஒரு நாளும் குனிந்து பார்த்ததில்லை. அதனால்தான் இன்று இந்த மேடைக்கு வந்தேன்.

காலிலே புண், இருதயத்திலே அடைப்பு, இரண்டும் வேறு வேறு வியாதிதானே என்று கேட்பீர்கள். இல்லை. சாப்பிட்ட ஆகாரம் சர்க்கரையாகி இரத்தத்தில் கலக்கிறது. அதைத் தசைகளுக்குள் புகவிடுவதற்கு இன்சுலின் என்ற ஒரு சாவி நம் கணையத்திலிருந்து வருகிறது. வயிற்றைச் சுற்றிக் கொழுப்புச் சேர்ந்து, தசைகள் வேலையின்றிச் சோம்பிக் கிடந்தால், அந்தச் சாவி பூட்டிலே சரியாகத் திரும்புவதில்லை. சர்க்கரை இரத்தத்திலேயே தங்கி, நாளாவட்டத்தில் இரத்தக் குழாயின் உள்சுவரைக் கெடுக்கிறது. கெட்ட சுவரிலே கொழுப்புப் படிகிறது. பால் ஓடுகிற தகரத்தில் உறைந்த பால் படிந்து படிந்து வழி அடைபடுவதைப் பார்த்தவர்கள் நீங்கள், அதே சங்கதிதான். கண்ணில் நடந்தால் பார்வை போகும். சிறுநீரகத்தில் நடந்தால் டயாலிசிஸ். நம் நாட்டில் புதிதாக டயாலிசிஸுக்குப் போகிறவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் இனிப்பு நீரால் சிறுநீரகம் கெட்டவர்கள். இருதயத்தில் நடந்தால் அண்ணனுக்கு நேர்ந்ததுதான்.

நம் இனத்தாருக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. கை கால் மெலிந்திருக்கும். வயிறு மட்டும் முன்னே வரும். எடை பார்த்தால் அதிகமில்லை என்று திருப்தியடைந்துவிடுகிறோம். எடையைவிட இடுப்பைப் பாருங்கள். ஆண்களுக்கு 90 செண்டிமீட்டர், பெண்களுக்கு 80 செண்டிமீட்டர். அதற்கு மேலே போனால் எச்சரிக்கை.

உழைப்புக்கும் இருதயத்துக்கும் உள்ள சம்பந்தத்தை உலகத்துக்கு எடுத்துக் காட்டியவர்கள் யார் தெரியுமா? பஸ் தொழிலாளர்கள்! லண்டனில் ஜெரி மோரிஸ் என்ற டாக்டர் மாடி பஸ்களில் வேலை செய்தவர்களைக் கணக்கெடுத்து, 1953-ம் ஆண்டில் முடிவை வெளியிட்டார். ஒரே பஸ், ஒரே கம்பெனி. டிரைவர் நாள் முழுதும் உட்கார்ந்திருப்பவர். கண்டக்டர் நாள் முழுதும் மாடிப்படி ஏறி இறங்குபவர். மாரடைப்பு டிரைவர்களுக்கு அதிகம், கண்டக்டர்களுக்குக் குறைவு. தபால் இலாகாவிலும் அப்படியே, நடந்து கடிதம் கொடுப்பவருக்குக் குறைவு, உட்கார்ந்து வேலை செய்பவருக்கு அதிகம். டிரைவர்கள் முதலிலேயே பருமனானவர்களோ என்ற சந்தேகம் அவருக்கே வந்து, கம்பெனி கொடுத்த கால்சட்டைகளின் இடுப்பளவைக்கூட ஆராய்ந்து 1956-ல் எழுதினார். டிரைவர்களின் இடுப்பு வேலைக்குச் சேரும்போதே சற்றுப் பெரிதுதான் என்றும் கண்டார். ஆனாலும் பின்னர் வந்த ஆராய்ச்சிகள் எல்லாம், உடல் அசைவு இருதயத்தைக் காக்கிறது என்பதையே உறுதிப்படுத்தின.

இனி சோற்றுக்கு வருவோம். சோற்றைப் பற்றி நம் நாட்டிலேயே நடந்த ஒரு பெரிய ஆராய்ச்சி உண்டு. நம்மவர் பலர் அதை அறியார். நூறு ஆண்டுகளுக்கு முன் இங்கே பெரிபெரி என்ற வியாதி ஆயிரக்கணக்கானோரைக் கொண்டுபோனது. கால் வீங்கும், மரத்துப் போகும், கடைசியில் இருதயம் நின்றுவிடும். வெள்ளை வெளேரென்று தீட்டிய அரிசி சாப்பிட்ட சீனத் தொழிலாளர் செத்தார்கள்; புழுங்கலரிசி சாப்பிட்ட தமிழ்த் தொழிலாளருக்கு அது அநேகமாக வரவில்லை. நெகிரி செம்பிலானில் பணியாற்றிய டாக்டர் பிராடன் இதைக் கவனித்து 1907-ல் ஒரு புத்தகமே எழுதினார். கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த பிரேசரும் ஸ்டாண்டனும் அதே நெகிரி செம்பிலானில், சாலை போட வந்த சுமார் 300 ஜாவானியத் தொழிலாளரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குத் தீட்டிய அரிசி, மறு பிரிவுக்குப் புழுங்கலரிசி கொடுத்துப் பார்த்தார்கள். தீட்டிய அரிசிக்காரருக்குப் பெரிபெரி கண்டது. சோதனை செய்ய எப்போதும் தொழிலாளியின் உடம்புதான் கிடைக்கிறது என்பதை இங்கே குறித்துக்கொள்ளுங்கள். எனினும் உண்மை வெளிவந்தது. நெல்லை அவிக்கும்போது தவிட்டிலுள்ள சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. தீட்டினால் தவிடும் போய், அதிலிருந்த தயாமின் என்ற வைட்டமினும் போய்விடுகிறது.

நம் பாட்டனாரைக் காப்பாற்றிய அரிசியை நாம்தான் கைவிட்டோம். வெள்ளையாக, மல்லிகைப்பூப் போல, மணக்க வேண்டும் என்று பச்சரிசிக்கு மாறிவிட்டோம். இன்று பெரிபெரி இல்லை, சரி. ஆனால் தவிடு போன சோறு சீக்கிரம் செரித்துச் சட்டென்று சர்க்கரையாகிறது. புழுங்கலரிசியும் தவிடு நீக்காத அரிசியும் சற்று மெல்ல ஏறுகின்றன. "அப்படியானால் புழுங்கலரிசி வாங்கி மூன்று தட்டு சாப்பிடலாமா டிரஸ்ஸர் ஐயா?" என்றால், கூடாது. அளவுதான் முதல் சட்டம். ரகம் அதற்குப் பிறகு.

அளவுக்கு வழி சுலபம். சுகாதார அமைச்சு "சுக்கு சுக்கு செப்பாரோ" என்று சொல்லிக்கொண்டே இருக்கிறது. தட்டிலே கால்வாசி சோறு, கால்வாசி மீன், கோழி, முட்டை அல்லது பருப்பு, பாதித் தட்டு காய்கறியும் பழமும். நம் வீட்டுத் தட்டு எப்படி? முக்கால்வாசி சோறு, அதன் தலையிலே குழம்பு, ஓரத்திலே உருளைக்கிழங்குப் பிரட்டல். தாய்மார்களே, கோபிக்க வேண்டாம், உருளைக்கிழங்கு சோற்றுக் கணக்கிலே சேர்ந்தது. காய்கறிக் கணக்கிலே சேராது. முதலில் காயையும் மீனையும் சாப்பிட்டுவிட்டுக் கடைசியில் சோற்றுக்கு வந்தால், அதே சாப்பாட்டுக்குச் சர்க்கரை ஏற்றம் குறைகிறது என்பதும் நிரூபணமான விஷயம். செலவில்லாத வைத்தியம்.

லயத்துக்குப் பின்னாலே முன்பு என்னென்ன இருந்தன? முருங்கை, பசலை, பயித்தங்காய், வெண்டி, பாகல். அவற்றிலே நார்ச்சத்து உண்டு, மக்னீசியம் உண்டு. பருப்பிலும் பயறிலும் இரண்டும் உண்டு, புரதமும் உண்டு. கெம்போங் மீன் ஏழை மீன் என்று பெயர் வாங்கியது. அதிலே இருதயத்துக்கு நல்லதான ஒமேகா மூன்று என்ற கொழுப்பு இருக்கிறது. பொரிக்காமல் குழம்பு வையுங்கள், அல்லது சுட்டுச் சாப்பிடுங்கள். எண்ணெயைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நம்மில் பலர் செம்பனையால் பிழைக்கிறவர்கள், ஆனாலும் மறைக்க மாட்டேன். செம்பனை எண்ணெயில் சுமார் பாதி இறுகும் கொழுப்பு; தேங்காய் எண்ணெயில் அது இன்னும் அதிகம். விஷமல்ல, அளக்காமல் ஊற்றக்கூடாது, அவ்வளவுதான். உப்பு ஒரு நாளைக்கு ஐந்து கிராம், அதாவது ஒரு தேக்கரண்டி. கருவாடு, சோயா, பாக்கெட் மீ மூன்றும் ஒரே நாளில் சேர்ந்தால் அந்தக் கணக்கு மத்தியானத்துக்குள் முடிந்துவிடும். இரத்தக் கொதிப்பு அங்கேதான் ஏறுகிறது.

சத்து மாத்திரை, சத்து மாவு என்று வீடு வீடாக விற்க வருகிறார்கள். குரோமியம் என்கிறார்கள், லவங்கப்பட்டை என்கிறார்கள். இவற்றைப் பற்றிய ஆராய்ச்சிகள் ஒன்றுக்கொன்று ஒத்துப் போகவில்லை. பாகற்காயும் வெந்தயமும் நல்ல ஆகாரம், தாராளமாகச் சாப்பிடுங்கள். ஆனால் மாத்திரைக்குப் பதில் அவை ஆகா. நூறு வெள்ளிக்கு ஒரு டப்பா வாங்குவதை விட்டு, அந்தப் பணத்துக்குக் கீரையும் மீனும் வாங்கினால் குடும்பமே சாப்பிடலாம். ஒரே ஒரு விஷயம்: மெட்பார்மின் மாத்திரையை நெடுநாள் சாப்பிடுகிறவர்களுக்கு பி12 வைட்டமின் குறைவதுண்டு. முக்கியமாகச் சைவம் சாப்பிடுகிறவர்கள் டாக்டரிடம் கேட்டு அதைச் சோதித்துக்கொள்ளலாம்.

தேத்தண்ணீரைப் பற்றிப் பேசினால் சண்டைக்கு வருவீர்கள். பரவாயில்லை. டின் பாலிலே பாதிக்கு மேல் சர்க்கரை. அதன் மேல் சீனி வேறு. உலக சுகாதார நிறுவனம் 2015-ல் சொன்ன கணக்குப்படி, சேர்க்கும் சர்க்கரை நாளொன்றுக்கு 50 கிராமுக்குள், கூடுமானால் 25 கிராமுக்குள் இருக்க வேண்டும். 25 கிராம் என்றால் ஐந்து தேக்கரண்டி. குளிர்பான டின்னைத் திருப்பிப் பாருங்கள். 100 மில்லிக்கு 10 கிராம் என்று போட்டிருந்தால், 325 மில்லி டின்னிலே 32 கிராம். ஒரே மூச்சில் ஒரு நாள் கணக்குத் தாண்டிவிட்டது. 2019 ஜூலை முதல் 100 மில்லிக்கு 5 கிராமுக்கு மேல் சர்க்கரையுள்ள பானங்களுக்கு அரசாங்கம் வரி போட்டதும் இதனால்தான். கடையிலே "தே ஓ கோசோங்" என்று கேட்டுப் பழகுங்கள். முதல் வாரம் கசக்கும். கடைக்காரர் உங்களை ஏற இறங்கப் பார்ப்பார். மூன்றாவது வாரம் பழைய தேத்தண்ணீரைக் குடித்தால் பாயசம் போலிருக்கும்; எனக்கு அப்படித்தான் ஆயிற்று.

இதனாலெல்லாம் பலன் உண்டா, குடும்பத்திலே இருந்தால் வந்துதானே தீரும் என்று கேட்கிறவர்களுக்குச் சென்னையிலே பதில் இருக்கிறது. நம்மைப் போன்ற உடல்வாகு உள்ள மக்கள்தானே அங்கிருப்பவர்கள்? டாக்டர் ஏ. ராமச்சந்திரனும் அவருடைய குழுவினரும், சர்க்கரை எல்லையைத் தொட்டு நின்ற 531 பேரைச் சுமார் மூன்று ஆண்டு கவனித்து 2006-ல் முடிவை வெளியிட்டார்கள். சாதாரண ஆலோசனையோடு விடப்பட்டவர்களில் நூற்றுக்கு 55 பேருக்கு இனிப்பு நீர் வந்துவிட்டது. தினம் அரைமணி நேரம் வேகமாக நடந்து, சீனியையும் சோற்றையும் குறைத்து, நார்ச்சத்தைக் கூட்டியவர்களில் 39 பேருக்கு. ஒரு மாத்திரையும் இல்லாமல் நூற்றுக்குப் பதினாறு பேர் தப்பினார்கள். 39 பேர் தப்பவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். மந்திரமில்லை இது. ஆனால் அந்தப் பதினாறில் ஒருவராக என் அண்ணன் இருந்திருக்கலாமே என்று நான் நினைக்காத நாளில்லை.

நடக்க நேரமில்லை என்பீர்கள். சாப்பிட்டவுடன் பாயை விரிக்காமல் பத்துப் பதினைந்து நிமிடம் நடங்கள். தசை அசைந்தால் இன்சுலின் குறைவாக இருந்தாலும் சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். காவலர் வேலை பார்க்கும் தோழர்கள் மணிக்கு ஒரு தரம் எழுந்து கேட் வரைக்கும் நடந்து வரலாம். புகைப்பதை விடுங்கள். இனிப்பு நீரும் சிகரெட்டும் சேர்ந்தால் இருதயத்துக்கு இரட்டைச் சுமை. கள்ளையும் சம்சுவையும் பற்றி இந்தப் பத்திரிகை எவ்வளவோ எழுதியாகிவிட்டது. ஒன்று மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள்: சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ போட்டுக்கொண்டு வெறும் வயிற்றில் குடித்தால் சர்க்கரை படுவேகமாக இறங்கி ஆளே மயங்கி விழுவார். போதையென்று மற்றவர்கள் விட்டுவிட்டுப் போய்விடுவார்கள்.

வேலைக்காட்டில் இருப்பவர்கள் இதைக் கேளுங்கள். இன்னும் மரம் வெட்டுகிறவர்கள், செம்பனைக் குலை தள்ளுகிறவர்கள், விடியுமுன் புறப்படுகிறீர்கள். சர்க்கரை ஊசியோ, சில வகை மாத்திரைகளோ போட்டுக்கொண்டு பட்டினியாகக் காட்டுக்குப் போனால் எட்டு மணிக்குள் கை நடுங்கும், வியர்க்கும், கண் இருளும். சாப்பிட்டுவிட்டுப் போங்கள். மூன்று தேக்கரண்டி சீனியைக் காகிதத்தில் மடித்துப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்து நிறைக்காரரிடம் உங்கள் வியாதியைச் சொல்லி வையுங்கள், வெட்கப்பட இதில் ஒன்றுமில்லை. சப்பாத்துப் போடுமுன் உள்ளே கையை விட்டுத் துழாவிப் பாருங்கள். இரவில் காலைக் கழுவி, துடைத்து, விரலிடுக்கைப் பாருங்கள். அடிப்பாதம் தெரியாவிட்டால் கண்ணாடியைத் தரையில் வைத்துப் பாருங்கள், அல்லது பேரப்பிள்ளையைப் பார்க்கச் சொல்லுங்கள். தீமிதிக்கவோ, உச்சி வெயிலில் வெறுங்காலோடு காவடி எடுக்கவோ நேர்ந்துகொண்டவர்களுக்குச் சொல்லுகிறேன்: பக்தியில் குறுக்கிட நான் யார்? ஆனால் கால் மரத்தவர்கள் டாக்டரைக் கேட்காமல் இறங்க வேண்டாம். சுடுவது தெரியாது.

மார்பிலே பாரம், இடது கையிலோ தாடையிலோ வலி, மூச்சுத் திணறல், குளிர்ந்த வியர்வை கண்டால் காற்றுப் பிடித்திருக்கிறது என்று இஞ்சிச் சாறு குடித்துக்கொண்டு உட்காராதீர்கள். 999-ஐக் கூப்பிடுங்கள். இனிப்பு நீர் உள்ளவருக்கு வலியே இல்லாமல் வெறும் களைப்பும் மூச்சு வாங்கலுமாகக்கூட மாரடைப்பு வரும். என் அண்ணனுக்கு வந்தது அப்படித்தான். அஜீரணம் என்று படுத்துவிட்டார்.

செலவுக்குப் பயப்பட வேண்டியதில்லை. அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்கு ஒரு வெள்ளிதான், மருந்தும் அதிலேயே. குறைந்த வருமானக் குடும்பங்களில் 40 வயதானவர்கள், 2019-ல் தொடங்கிய பெக்கா பி40 திட்டத்திலே இலவசமாகச் சோதித்துக்கொள்ளலாம். "கிளினிக்குக்குப் போனால் ஒரு நாள் சம்பளம் போகுமே" என்கிறார்கள். டாக்டர் சான்று கொடுத்தால் நோய் விடுப்பு உங்கள் உரிமை. 1955-ம் ஆண்டு வேலைச் சட்டப்படி, இரண்டு ஆண்டுக்குக் குறைவான சேவைக்கு வருஷத்தில் 14 நாள், இரண்டிலிருந்து ஐந்துக்குள் 18 நாள், ஐந்துக்கு மேல் 22 நாள், சம்பளத்தோடு. ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டியிருந்தால் 60 நாள். இதை மறுக்கிற மண்டோர் யாராவது இருந்தால், அது டிரஸ்ஸர் வேலையல்ல; நம் செயலாளர் அவர்களின் வேலை. (கைதட்டல்)

செயலாளரிடம் எனக்கும் ஒரு கோரிக்கை உண்டு. கிளை அலுவலகத்துக்கு ஓர் இரத்தக் கொதிப்புக் கருவியும் ஒரு சர்க்கரைக் கருவியும் வாங்கி வையுங்கள். மாதத்தில் முதல் ஞாயிறு நான் வந்து உட்காருகிறேன். கூலி வேண்டாம், தே ஓ கோசோங் போதும்.

இன்றைக்கு என் சொந்தக் கருவியைக் கொண்டுவந்திருக்கிறேன். ஐம்பது பேருக்குப் போதுமான பட்டைகள் இருக்கின்றன. பின்னால் மேசை போட்டிருக்கிறது. விரல் நுனியில் ஒரு குத்து, ஒரு சொட்டு இரத்தம், அவ்வளவே. சாப்பிட்ட பிறகு பார்ப்பதால் இது முடிவான தீர்ப்பல்ல. 11-க்கு மேல் காட்டினால் நாளையே கிளினிக்குக்குப் போக வேண்டும், அதற்குக் கீழே சந்தேகமாக இருந்தால் காலையில் வெறும் வயிற்றில் பார்க்கச் சொல்லி எழுதித் தருவேன். அங்கே 7-ம் அதற்கு மேலும் வந்தால் டாக்டர் மேற்கொண்டு கவனிப்பார். நாற்பது வயது தாண்டியவர்கள் முதலில் வாருங்கள். ஆண்கள் தேத்தண்ணீர்க் கடைப் பக்கம் நழுவிவிடுவார்கள் என்பதால், கதவருகே நம் மாதர் பகுதித் தோழியர் இருவரை நிறுத்தியிருக்கிறேன். (சிரிப்பு) முதலில் என் விரலையே குத்திக் காட்டுகிறேன். எனக்கும் பதினோரு ஆண்டாக இருக்கிறது.